சமூகக் கல்வியின் கற்றல் நோக்கங்களும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும்

ஒரு சமுதாயம் தன் இளந்தலைமுறையினர் எத்தகையோராய் உருவாக வேண்டுமென விரும்புகின்றதோ, அவ்விருப்பத்தின் சாயலை அதன் பாடசாலைக் கலைத்திட்டத்திற் காணலாம். இடைநிலை வகுப்புகளிற் பயிலப்படும் சமூகக் கல்வி என்னும் பாடம் இதற்குத் தக்கதொரு சான்றாகும். கணிதத்தின் நோக்கங்கள் நாட்டுக்கு நாடு அதிகம் வேறுபடுவதில்லை. சமூகக் கல்வியின் நோக்கங்களோ, 'நாம் யார்? நம்முடன் வாழ்வோர் யாவர்?' என்னும் வினாக்களுக்கு ஓர் அரசு அளிக்க விரும்பும் விடைகளாகவே அமைகின்றன. இலங்கையில் அந்நோக்கங்கள் மாறி வந்த வரலாற்றையும், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்திற்கு அவை எவ்வளவு பொருந்தின என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமூகக் கல்வி ஓர் ஒன்றிணைந்த பாடமாக முதலில் உருப்பெற்றது அமெரிக்காவிலாகும். அந்நாட்டின் தேசியக் கல்விச் சங்கத்தின் சார்பில் 1916 இல் வெளியான குழு அறிக்கையொன்று, வரலாறு முதலிய பாடங்களை நற்குடிமகனை உருவாக்கும் பொதுநோக்கின்கீழ் கொணர்ந்தது. பிள்ளையின் சூழலிலிருந்தே கல்வி தொடங்க வேண்டும் என்ற ஜோன் டூயி போன்றோரின் சிந்தனை அதற்கு ஊட்டமளித்தது. பின்னர், 1956 இல் பெஞ்சமின் புளூம் முதலானோர் கற்றல் நோக்கங்களை வகைப்படுத்திக் காட்டியதன் பயனாக, அறிவு, திறன், மனப்பாங்கு என்னும் முப்பகுப்பு ஆசிரிய கலாசாலைகளிற் பரவியது.

இலங்கையில் இப்பாடம் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்துடன் நிலைபெற்றது. முந்திய ஆண்டின் இளைஞர் கிளர்ச்சியும், தொழிலின்மை பற்றி டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு அளித்த அறிக்கையும் அச்சீர்திருத்தத்தின் பின்னணியாய் அமைந்தன. கலாநிதி பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராயிருந்த அக்காலத்தில், வரலாறு, புவியியல், குடியியல் எனத் தனித்தனியே நின்ற பாடங்கள் கனிட்ட இடைநிலை வகுப்புகளிற் சமூகக் கல்வியாய் ஒன்றிணைந்தன. அந்தந்தப் பிரதேசத்தின் தொழில்களை ஆராய்ந்து கற்கும் தொழில் முன்னிலைப் பாடங்களும் புகுத்தப்பட்டன. தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரப் பரீட்சை 1975 இல் முதன்முறையாக நடைபெற்றது.

கோட்பாட்டளவில் இம்மாற்றம் மட்டக்களப்புக்கு மிகவும் ஏற்றதாகும். ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமுடைய வாவி இப்பிரதேசத்தை இரண்டாய் வகுக்கின்றது. சூரியன் எழும் கடற்புறத்தை எழுவான்கரை என்றும், அவன் படும் மேற்குப்புற வயல்நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையின் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் படுவான்கரையின் நெல்லோடு பிணைந்தவை. மாரிகாலத்தில் வெள்ளம் பெருகுவதும், முகத்துவாரத்து மணற்றடை உடைந்து நீர் கடலிற் கலப்பதும் புவியியலாகும். போடியாரும் வட்டை விதானையும் வயற்செய்கையை நிருவகித்த முறை பொருளியலும் குடியியலுமாகும். 1602 இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் இக்கரையில் வந்திறங்கியதும், 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை 1638 இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்து கைப்பற்றியதும் வரலாறாகும். பாடங்களைப் பிரிக்கும் வேலிகள் இங்கு வாவியிலேயே மறைந்துவிடுகின்றன.

கற்பித்தற்குரிய கருவிகளும் இல்லாமற் போகவில்லை. எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' 1962 இலும், வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இலும் வெளிவந்துவிட்டன. மான்மியம் போன்ற நூல்களில் ஐதிகமும் வரலாறும் கலந்து நிற்பதுண்மை. ஆயினும் அக்கலப்பே ஒரு நல்லாசிரியனுக்கு வாய்ப்பாகும். எது மரபுக்கதை, எது பிற சான்றுகளால் உறுதிப்படுவது என மாணவனைக் கொண்டே பிரித்தறியச் செய்வது, திறன் என்னும் நோக்கத்தை நிறைவேற்றும் நேரிய வழியன்றோ?

எனினும், நோக்கம் ஒன்றாயும் நடைமுறை வேறாயும் அமைந்தமை கவனிக்கத்தக்கது. பாடநூல்கள் தலைநகரிலேயே ஆக்கப்பட்டன. வினாத்தாளும் நாடு முழுவதற்கும் ஒன்றே. முகத்துவாரம் ஏன் அடைபடுகின்றது என்பதை நாடளாவிய வினாத்தாள் வினவாது. வினவப்படாததைக் கற்பிக்க, பரீட்சைப் பெறுபேறுகளால் மதிக்கப்படும் ஆசிரியருக்கு அவகாசம் ஏது? இவ்வாறு, சூழலிலிருந்து தொடங்குதல் என்னும் நோக்கம் ஆசிரியர் கைந்நூலில் எழுத்தாய் நின்றுவிட, மாணவர் வழமைபோல் மனனஞ் செய்தனர். 1977 இல் ஆட்சி மாறியதும் புதிய பரீட்சையும் தொழில் முன்னிலைப் பாடங்களும் கைவிடப்பட்டு, க.பொ.த. பரீட்சை மீண்டது. சமூகக் கல்வி நிலைத்தபோதும், பின்னாளில் அது 'சமூகக் கல்வியும் வரலாறும்' என்னும் பெயர் பெற்றது. ஈற்றில், 2007 முதல் வரலாறு தனிப்பாடமாகப் படிப்படியே பிரிக்கப்பட்டது.

இப்பிரிவினைக்கு நியாயமில்லை எனக் கூறல் இயலாது. காலவரன்முறை உணர்வும் சான்றுகளை ஆயும் பயிற்சியும் ஒன்றிணைந்த பாடத்தில் நலிவுற்றன என்ற குறை நெடுநாளாய் எழுந்து வந்ததே. ஆயின், பாடத்தின் பெயரை மாற்றுவதால் மட்டும் நோக்கம் நிறைவேறிவிடாது. தனிப்பாடமாகிய வரலாறும் இராசதானிகளின் வரிசையாகவே கற்பிக்கப்படுமாயின், வாவிக்கரை மாணவன் தன் ஊரை வரலாறற்ற ஊராகவே எண்ணுவான்.

இதனால் விளையும் இழப்பு அறிவோடு நின்றுவிடுவதன்று. தேசியக் கல்வி ஆணைக்குழு 1991 இல் நிறுவப்பட்டபின் வகுக்கப்பட்ட தேசிய இலக்குகளில், பன்மைச் சமுதாயத்தின் பண்பாட்டு வேறுபாடுகளை மதித்து ஒருமைப்பாட்டை வளர்த்தல் முதன்மையானது. அவ்விலக்கு இப்பிரதேசத்திற் சோதிக்கப்பட்ட வகை கொடியது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் நூற்றாண்டுகளாய் வாழ்ந்த இக்கரையில், 1990 இல் இரு சமூகத்தாரும் பெருந்தொகையான உயிர்களைப் பலிகொடுத்தனர். அதன்பின் பிறந்த பிள்ளைகள் அடுத்த ஊரைப் பற்றிய அச்சத்தை வீட்டிலேயே கற்றனர். அவ்வச்சத்தை எதிர்கொள்ள வேறு செய்தி எதனையும் பாடசாலை அவர்க்கு அளித்ததா என்பதே இங்கு எழும் வினா.

அளிப்பதற்குச் செய்தி உண்டு. கிழக்கிலங்கையின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை வழங்கி வந்துள்ளது. ஒருபாற் கோயிலுரிமையும் மறுபாற் பள்ளிவாசல் நிருவாகமும் குடிவழி பகிரப்பட்டன. மணமாகும் மகளுக்கு வீட்டைச் சீதனமாய் அளிக்கும் வழக்கமும் இருசாராருக்கும் பொதுவானது. நல்லிணக்கம் பற்றிப் பத்துப் பக்கங்கள் எழுதுவதினும், இரு ஊர் மாணவரும் தத்தம் குடிப்பெயர்களைத் திரட்டி ஒருமித்து ஒப்புநோக்குவது மனப்பாங்கை ஆழமாய் மாற்றவல்லது. ஒற்றுமையை உபதேசமாகக் கேட்ட மாணவன் அதனை மறந்துவிடலாம். சான்றாகக் கண்டவன் எளிதில் மறவான்.

இவ்விடத்துச் சுவாமி விபுலானந்தரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1892 இற் காரைதீவிற் பிறந்த அவர், விஞ்ஞானம் பயின்று, ஆசிரியராய்த் தொடங்கி, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் கல்லடி உப்போடையில் 1929 இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நிற்கின்றது. பழந்தமிழ் யாழை அவர் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்தமை, தன் மரபைப் போற்றுவதும் அதனை அறிவாற் சோதிப்பதும் முரணானவை அல்ல என்பதைக் காட்டும். சமூகக் கல்வி வளர்க்க வேண்டிய மனப்பாங்கும் அதுவே.

ஆகவே, செய்யவேண்டியவை மூன்று எனலாம். தேசியப் பாடநூலோடு பிரதேச வரலாற்றுக்கெனப் பாடவேளையில் ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும். அப்பகுதி மனனத்தாலன்றிக் களஆய்வாலும் ஒப்படைகளாலும் மதிப்பிடப்பட வேண்டும். தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் அவ்வாய்வுகளைக் கூட்டாகச் செய்ய வேண்டும். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாய் வந்தாறுமூலையில் தோன்றி, 1986 இற் பல்கலைக்கழகமாய் உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் இதற்கு ஆசிரியர்களையும் ஆவணங்களையும் வழங்கும் நிலையிலுள்ளது. பல்கலைக்கழகத்தில் எழுதப்படும் பிரதேச ஆய்வுகள் நூலகத்து அடுக்குகளில் உறங்காது, வாவிக்கரை வகுப்பறையைச் சென்றடைய வேண்டும். கற்றல் நோக்கங்கள் உயிர்பெறும் இடம் அதுவேயாகும்.