ஊசியும் உணவுத்தட்டும்

இழந்த இளமையை மீட்டுத்தரும் மருந்து எங்கேனும் இருக்கக்கூடும் என்னும் ஆசை, மனித குலத்தைப் போலவே தொன்மையானது. அந்த ஆசை, நம் காலத்து மருத்துவ அறிஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பில் ஒரு பாதியை உலகெங்கும் பரப்பி, மறுபாதியை மறக்கச் செய்துவிட்டது.

அவர் பெயர் டேனியல் ருட்மன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தவர். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் தங்கியிருந்த முதியோரின் உடல்நிலையை ஆராய்ந்து வந்தவர். ஊட்டச்சத்தும் ஹார்மோன்களும் முதுமையில் ஆற்றும் பணி என்ன என்பதே அவரது கேள்வி.

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. வயது ஏற ஏற இச்சுரப்பு குறைகிறது. 1985 வரை இதனை இறந்தோரின் உடலிலிருந்தே பிரித்தெடுத்தனர். அவ்வாறு பெற்றவர்களுள் சிலர் கொடிய மூளைநோய்க்குப் பலியாயினர். அவ்வாண்டில் மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரித்த ஹார்மோன் பயன்பாட்டுக்கு வந்தது. ஆய்வுக்கும் வாயில் திறந்தது.

1990 ஜூலை 5ஆம் நாள் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ ருட்மன் குழுவினரின் கட்டுரையை வெளியிட்டது. 61 முதல் 81 வயது வரையான 21 ஆண்கள் ஆய்வில் பங்கேற்றனர். அவர்களுள் 12 பேருக்கு வாரம் மும்முறையாக ஆறு மாதம் ஹார்மோன் ஊசி போடப்பட்டது. கொழுப்பு நீங்கலான உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. உடலமைப்பில் நேர்ந்த இம்மாற்றம், மூப்பினால் 10 முதல் 20 ஆண்டுகளில் நேரும் மாற்றத்திற்கு அளவில் ஈடானது என்று ஆய்வாளர் எழுதினர்.

அந்த ஒரு வாக்கியத்தை வணிக உலகம் பற்றிக்கொண்டது. பன்னிரண்டு முதியவர்களின் ஆறு மாத அனுபவம், ‘இளமை திரும்புகிறது’ என்னும் விளம்பரமாக உருமாறியது. மாத்திரைகளும் தெளிப்பான்களும் அக்கட்டுரையைச் சான்று காட்டி விற்கப்பட்டன. 1994இல் ருட்மன் மறைந்தார், விளம்பரங்கள் மறையவில்லை. 2003இல் அதே மருத்துவ இதழ், தன் பழைய கட்டுரை தவறாகப் பயன்படுத்தப்படுவதைக் கண்டித்துத் தலையங்கம் எழுத நேர்ந்தது.

இதற்கிடையே உண்மை மெல்ல வெளிப்பட்டது. ஊசி பெற்றவர்களுள் சிலருக்கு மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டது, மார்பு வீங்கியது. இதனை 1993இல் எடுத்துரைத்தவர்கள் ருட்மனின் குழுவினரே. 1996இல் வெளியான மற்றோர் ஆய்வில் முதியவர்களின் தசை கூடியது. ஆயினும் வலிமை கூடவில்லை.

மறக்கப்பட்ட மறுபாதி யாது? முதியோர் இல்லங்களில் நிலவும் ஊட்டக்குறைவை ருட்மன் உற்று நோக்கினார். நல்ல மருத்துவ வசதி கொண்ட நாட்டிலேயே, உணவு சமைக்கப்பட்டுப் பரிமாறப்படும் இடத்திலேயே, முதியோர் மெலிந்து வந்தனர். இரத்தத்தில் புரதமும் கொழுப்பும் குறைந்தவர்களை மரணம் விரைந்து நெருங்குவதை அவரது ஆய்வுகள் உணர்த்தின. பல்லில்லாமை, விழுங்க இயலாமை, நடுங்கும் கைகள், பசியைக் கெடுக்கும் மருந்துகள், மனச்சோர்வு, ஊட்டிவிட ஆளில்லாமை எனக் காரணங்கள் பல. இவற்றுள் எதற்கும் கவர்ச்சியான விளம்பரம் இல்லை. ஆகவே இவ்வாய்வைச் செய்தித்தாள்கள் கொண்டாடவில்லை.

உணவு மட்டும் போதுமா? 1994இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லமொன்றில் நடந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. சராசரி 87 வயதுடைய, நலிவுற்ற 100 பேர் அதில் பங்கேற்றனர். சத்துணவு மட்டும் பெற்றவர்களின் வலிமை கூடவில்லை. பத்து வாரம் எடையிழுக்கும் கால்பயிற்சி பெற்றவர்களின் தசைவலிமையோ இருமடங்கிற்கும் மேலாயிற்று. அவர்கள் நடக்கும் வேகமும் கூடியது. அருகிருந்து எழுப்பிப் பயிற்றுவிக்க ஆள் இருந்ததால் அது இயன்றது.

ருட்மனைக் குறைகூற நமக்கு இடமில்லை. அவர் நேர்மையாகக் கேட்டார், அளந்ததை எழுதினார். இரண்டு கேள்விகள் கேட்டவரிடம் ஒன்றை மட்டும் செவிமடுத்தது உலகமே. ஊசியைப் பணத்தால் வாங்கலாம். வாங்கியபின் நம் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்ளலாம். உணவுத்தட்டு அவ்வாறு விடுவதில்லை. அது ஒருவரை அருகில் அமரச் சொல்கிறது. சோற்றைக் குழைக்கச் சொல்கிறது. அடுத்த கவளத்திற்குக் காத்திருக்கச் சொல்கிறது.

தாய் தந்தையைப் போற்றுமாறு பணிக்கும் நான்காம் கட்டளையை நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். இன்று மதியம் நம் இல்லத்து முதியவர் உண்ட தட்டில் எவ்வளவு மீந்திருந்தது என்பது நமக்குத் தெரியுமா?