பறையும் டெராஃபிளாப்ஸும்

பாலக்காட்டு வயல்களில் நெல்லை எடைபோட்டு வாங்கும் வழக்கம் பரவுவதற்கு முன், அதை அளப்பதற்குப் பறை என்னும் மரப்பாத்திரமே பயன்பட்டது. நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்ற வாய்பாடு எல்லோர்க்கும் பொதுவாக இருந்தாலும், பாத்திரத்தின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதாலும், பதர் மிகுந்த நெல்லும் மணி திரண்ட நெல்லும் ஒரே பறையை ஒரே உயரத்துக்கு நிரப்பியதாலும், ஒரு பறை நெல் என்ற சொல் எவ்வளவு அரிசி என்ற கேள்விக்கு விடையாக அமைந்ததில்லை. கணிப்பொறிகளையும், பிற்காலத்தில் அவற்றின் பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் ஒப்பிட்டு எது விரைவானது என்று தீர்மானிக்க முயன்ற அரை நூற்றாண்டு வரலாறும் இதே சிக்கலில்தான் சுழன்றிருக்கிறது. அந்த வரலாற்றின் சில முக்கியமான கட்டங்கள் கேரளத்தில் நிகழ்ந்தவை என்பதும், பாலக்காட்டுக் கணவாயையும் இடுக்கி மலைகளையும் தொட்டுச் செல்பவை என்பதும் தமிழில் அதிகம் பேசப்படாத செய்திகள்.

வாளையாறு எல்லைக்கு அண்மையில், கோயம்புத்தூரிலிருந்து வரும் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த தொழில் பகுதி கஞ்சிக்கோடு. பொதுத்துறை நிறுவனமான இந்தியத் தொலைபேசித் தொழிலகம், அதாவது ஐ.டி.ஐ., தன் பாலக்காட்டுத் தொழிற்சாலையை இங்கே 1976-இல் அமைத்தது; இடுக்கி நீர்மின் திட்டத்தின் மின் உற்பத்தி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இந்தத் தொழிற்சாலையின் அன்றைய உற்பத்திப் பொருள் மின்னணுத் தொலைபேசி இணைப்பகம். பார்ப்பவர்க்கு அது தொலைபேசிச் சாதனமாகத் தோன்றினாலும், உள்ளே இருப்பது வேறு எந்த வேலையும் செய்யாமல் அழைப்புகளை மட்டும் இணைத்துப் பிரிக்கும் ஒரு கணிப்பொறியே ஆகும். அதன் திறனை அளக்கப் பொறியாளர்கள் இரண்டு அளவைகளைக் கையாண்டனர். ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங்; டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங்கின் பெயரால் அமைந்த அளவு அது. அழைப்புகள் உச்சத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் எத்தனை அழைப்பு முயற்சிகளைத் தடுமாறாமல் இணைப்பகம் கையாளும் என்பது இரண்டாவது அளவு. முதலாவது தாங்கும் கனத்தையும் இரண்டாவது சிந்திக்கும் வேகத்தையும் சொல்கின்றன என்பதால், ஒன்றில் சிறந்த இணைப்பகம் மற்றொன்றில் பின்தங்குவதில் வியப்பில்லை.

இந்த இரண்டோடு மூன்றாவது அளவு ஒன்றும் அந்தக் காலத்தில் சேர்ந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்காக உருவாக்கிய 128 முனை இணைப்பகம் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக நிறுவப்பட்டபோது, வெளிநாட்டு இணைப்பகங்களுக்கு முன் அதைப் பெரிதும் உயர்த்திக் காட்டியது வேகம் அன்று. குளிரூட்டி இல்லாத சாதாரண அறையில், தூசியிலும் வெயிலிலும் நிற்காமல் இயங்கியதே அதன் பெருமை. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் பாலக்காடு போன்ற இடத்தில் ஒரு சாதனத்தின் திறனை வெப்பத்தைச் சேர்க்காமல் மதிப்பிடுவது பாதிக் கணக்கு என்பது இதிலிருந்தே விளங்கும். பின்னாளில் கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடுவோர் பலர் இந்தப் பாடத்தை மறந்தே போயினர்.

பொதுக் கணிப்பொறிகளின் பக்கம் அளவைகள் இன்னும் குழப்பமாகவே பிறந்தன. ஒரு நொடிக்கு எத்தனை இலட்சம் கட்டளைகள் என்று எண்ணுவது முதலில் இயல்பாகத் தோன்றியது; ஆனால் ஓர் இயந்திரத்தின் ஒரு கட்டளை செய்யும் வேலையை இன்னோர் இயந்திரம் மூன்று கட்டளைகளில் செய்யும் என்பதால், அதிகக் கட்டளைகளை முடித்த இயந்திரம் அதிக வேலையை முடித்ததாகாது. 1977-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட வாக்ஸ் 11/780 இயந்திரமே நொடிக்குப் பத்து இலட்சம் கட்டளைகளின் அடையாளமாகக் கொள்ளப்பட்டு, மற்ற இயந்திரங்கள் அதன் மடங்குகளாக அளக்கப்பட்டன. பின்னர் அதன் கட்டளைகளை உண்மையில் எண்ணிப் பார்த்தபோது அது நொடிக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சத்தையே நிறைவேற்றுவது தெரியவந்தது. அடிப்படைப் பறையே அரைப் பறையாக இருந்த கதை இது. இதற்கு மாற்றாக, உண்மையான நிரல்களின் குணத்தை ஒத்த சோதனை நிரல்களை ஓட்டி நேரத்தைக் குறிக்கும் முறை வந்தது: இங்கிலாந்தில் 1972-இல் உருவான வெட்ஸ்டோன், 1984-இன் டிரைஸ்டோன், 1988-இல் தொடங்கிய ஸ்பெக் என்ற கூட்டமைப்பின் தொகுப்புகள் ஆகியவை அந்த வரிசையில் அடங்கும்.

அறிவியல் கணக்குகளில் நிலைபெற்ற அளவு ஃபிளாப்ஸ் எனப்படும். தசமப் புள்ளியுடைய எண்களில் ஒரு நொடிக்குச் செய்யப்படும் கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களின் எண்ணிக்கை அது. நூறு கோடி செயல்கள் ஒரு கிகாஃபிளாப்ஸ், இலட்சம் கோடி செயல்கள் ஒரு டெராஃபிளாப்ஸ். கணினி அறிவியலாளர் ஜாக் டங்காரா 1979-இல் தம் லின்பேக் நிரல்தொகுப்பின் கையேட்டில் சில இயந்திரங்களின் நேரங்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். அந்தச் சிறு பட்டியலின் வழிவந்ததே உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளை ஆண்டுக்கு இருமுறை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல், இது 1993-இல் தொடங்கியது. உச்ச வேகம் என்பது சில்லின் எல்லா உறுப்புகளும் ஒரு கணமும் சும்மா இராமல் வேலை செய்தால் வரக்கூடிய ஏட்டுக் கணக்கு என்பதையும், லின்பேக் வேகம் ஓர் உண்மையான சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்துக் காட்டிய வேகம் என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும்.

இந்தியா இந்த ஓட்டத்தில் இறங்கியது மறுப்பின் காரணமாக. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கென 1980-களில் கேட்கப்பட்ட கிரே மீக்கணினியை அமெரிக்கா தர மறுத்து, வானிலைக் கணிப்புக்கென்று திறன் குறைந்த கிரே எக்ஸ்-எம்பி இயந்திரத்தை மட்டும் டெல்லிக்கு அனுப்ப இசைந்தது. அதன் விளைவாக 1988-இல் புனேயில் தொடங்கப்பட்ட சிடாக் நிறுவனத்துக்கு, விஜய் பட்கரின் தலைமையில், மீக்கணினி ஒன்றை உருவாக்க மூன்று ஆண்டுகளும் 30 கோடி ரூபாயும் தரப்பட்டன. 1991-இல் வெளிவந்த பரம் 8000 விலையுயர்ந்த ஒற்றைப் பெரும் பிராசசரை நம்பாமல், டிரான்ஸ்பியூட்டர் எனப்படும் சிறு சில்லுகளை ஒன்றோடொன்று பிணைத்து வேலையைப் பங்கிட்டது. அடுத்தடுத்த பரம் இயந்திரங்களில் 248 பிராசசர்களைக் கொண்ட பரம் பத்மா ஒரு டெராஃபிளாப்ஸ் உச்ச வேகத்துடன் 2003 ஜூன் மாத டாப்500 பட்டியலில் 171-ஆம் இடம் பெற்றது. பலரைக் கொண்டு பங்கிட்டுச் செய்வது என்ற இந்த எண்ணமே கிராஃபிக்ஸ் கார்டின் கருவும் ஆகும்.

பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூணாற்றிலோ பீர்மேட்டிலோ ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தே விளக்கிவிடலாம். கொழுந்து எடுப்போர் ஆளுக்கொரு நிரையாக மலைச்சரிவில் பரவி நிற்கையில், ஒவ்வொருவரும் செய்வது ஒரே வேலை, செடிதான் வேறு. நூறு பேர் நின்றால் மலை நூறு மடங்கு விரைவில் காலியாகும். ஆனால் எந்த மலையில் எப்போது மருந்தடிப்பது, மழை வந்தால் யாரை எங்கே மாற்றுவது என்று முடிவெடுக்கும் கங்காணியின் வேலையை நூறு பேரிடம் பங்கிட்டால் குழப்பமே மிஞ்சும், ஏனெனில் அங்கே ஒரு முடிவு முந்தைய முடிவைப் பொறுத்தது. பிராசசர் என்பது சில திறமையான உறுப்புகளை, அதாவது கோர்களைக் கொண்டு, இப்படி ஒன்றையொன்று சார்ந்த கட்டளைகளை விரைந்து முடிக்க அமைந்தது. கிராஃபிக்ஸ் கார்டு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான எளிய உறுப்புகளிடம் ஒரே கட்டளையை வெவ்வேறு எண்களின்மேல் ஏககாலத்தில் செய்யச் சொல்வது. 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் இருக்க, நொடிக்கு 60 முறை படம் மாறுமானால் 12 கோடிக்கும் மேலான புள்ளி நிறங்கள் ஒவ்வொரு நொடியும் கணக்கிடப்பட வேண்டும் என்பதே இப்படி ஒரு சாதனம் தோன்றியதற்குக் காரணம். என்விடியா 1999-இல் ஜிஃபோர்ஸ் 256 அட்டையை வெளியிட்டு ஜி.பி.யு. என்ற பெயரைப் பரப்பியது. விளையாட்டுக்கென்று பிறந்த இந்தச் சில்லைப் பொதுக் கணக்குக்கும் பயன்படுத்தும் குடா என்ற வழியை 2006-இல் அறிவித்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகளில், 2011 மே 2-ஆம் நாள், திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சாகா-220 என்னும் மீக்கணினியை இஸ்ரோ திறந்துவைத்தது. கிராஃபிக்ஸ் கட்டமைப்புடைய வான்வெளி மீக்கணினி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே சாகா. 400 குவாட்-கோர் ஜியான் பிராசசர்களும் 400 டெஸ்லா சி2070 கிராஃபிக்ஸ் அட்டைகளும் அதில் அடங்க, உச்ச வேகம் 220 டெராஃபிளாப்ஸ், மின்தேவை 150 கிலோவாட், செலவு ஏறத்தாழ 14 கோடி ரூபாய் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. இந்த எண்களை வைத்து வாசகரே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சி2070 அட்டை ஒன்றின் இரட்டைத் துல்லிய உச்ச வேகம் 515 கிகாஃபிளாப்ஸ். இரட்டைத் துல்லியம் என்பது எண் ஒவ்வொன்றையும் 64 இருமங்களில் எழுதும் முறை, ராக்கெட்டின் மேல் பாயும் காற்றைக் கணக்கிடுவோர் பிழை சேராமலிருக்க இதையே நாடுவர். நானூறு அட்டைகள் சேர்ந்தால் 206 டெராஃபிளாப்ஸ். ஆக, இயந்திரத்தின் வேகத்தில் ஏறத்தாழ 94 விழுக்காடு கிராஃபிக்ஸ் அட்டைகளிலிருந்தே வந்தது. எண்ணிக்கையில் சமமாக இருந்த பிராசசர்கள் எஞ்சிய சிறு பங்கைத் தந்து, வேலையைப் பிரித்துக்கொடுக்கும் கங்காணிகளாக நின்றன. ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிகாஃபிளாப்ஸ் கிடைத்ததும் இதனால்தான்.

இவையெல்லாம் உச்ச வேகக் கணக்குகள் என்பதை மறக்கலாகாது. கணிப்பொறி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சுட்டிய விதிப்படி, ஒரு வேலையின் நூறு பங்கில் ஐந்து பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டியதானால், மீதியை எத்தனை ஆயிரம் உறுப்புகளிடம் பங்கிட்டாலும் மொத்த வேகம் இருபது மடங்கைத் தாண்டாது. கிராஃபிக்ஸ் அட்டை பிராசசரைவிட நூறு மடங்கு விரைவு என்று அறிக்கைகள் குவிந்துகொண்டிருந்த 2010-இல், இன்டெல் ஆய்வாளர்கள் பதினான்கு வகைக் கணக்குகளை இரண்டிலும் செம்மையாக எழுதி ஒப்பிட்டு, ஜிடிஎக்ஸ் 280 அட்டை கோர் ஐ7 960 பிராசசரைவிடச் சராசரியாக இரண்டரை மடங்கே விரைவு என்று எழுதினர். முந்தைய ஒப்பீடுகள் பலவற்றில் கிராஃபிக்ஸ் நிரல் செம்மையாக்கப்பட, பிராசசர் நிரல் ஒரே கோரில் சோம்பலாக ஓடவிடப்பட்டிருந்தது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அதைச் சொன்னவர்கள் பிராசசர் விற்பவர்கள் என்பதும் உண்மை. விற்பவரின் பறை விற்பவருக்கே சாதகம் என்பதை நெல் வியாபாரம் அறிந்த ஊர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2003-இல் 3டிமார்க்03 என்ற புகழ்பெற்ற சோதனையை மட்டும் அடையாளம் கண்டு படத்தின் சில பகுதிகளை வரையாமல் விட்டு மதிப்பெண்ணைக் கூட்டும் ஏற்பாடு என்விடியாவின் இயக்கு நிரலில் இருந்ததைச் சோதனையை உருவாக்கிய ஃபியூச்சர்மார்க் வெளிப்படுத்தியதும் இந்த வரலாற்றின் ஒரு பக்கமே.

வெப்பத்தின் பங்கு இந்த ஒப்பீடுகளில் மிகக் குறைவாகவே குறிக்கப்படுகிறது. பிராசசரும் கிராஃபிக்ஸ் சில்லும் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்பவை. விசிறி இழுக்கும் காற்றே சூடாக இருந்தால் அந்த எல்லை விரைவில் வரும். ஒரே மாதிரியான இரு கணிப்பொறிகளில் ஒன்றை ஏப்ரல் மாதக் கஞ்சிக்கோட்டிலும் மற்றொன்றைச் சனவரியில் வெப்பம் பூச்சியத்தை நெருங்கும் மூணாற்றிலும் வைத்து நீண்ட கணக்கு ஒன்றை ஓட்டினால், கடைக்காரர் அட்டைப்பெட்டியின் மேல் காட்டும் எண் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தாலும், முடிக்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாட்டுக்கு எத்தனை ஃபிளாப்ஸ் என்று வரிசைப்படுத்தும் கிரீன்500 பட்டியல் 2007-இல் தொடங்கியது. ஆறு இயந்திரங்களில் 780 மெகாவாட் தரும் மூலமற்றம் நீர்மின் நிலையத்தைத் தன் மலைக்குள் வைத்திருக்கும் இடுக்கி மாவட்டத்துக்கு இந்த அளவு மற்றவற்றைவிட எளிதில் புரியக்கூடியது.

பாலக்காட்டுக் கணவாயின் கேரளப் பக்கத்தில், தமிழ் பரவலாகப் பேசப்படும் கோழிப்பாறையில், 2015-இல் தற்காலிக வளாகத்தில் வகுப்புகளைத் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. பின்னர் கஞ்சிக்கோட்டில் நிலைகொண்டது. தேசிய மீக்கணினித் திட்டம் மனிதர்களைப் பயிற்றுவிக்கக் காரக்பூர், சென்னை, கோவா ஐ.ஐ.டி.களோடு இதையும் ஒரு மையமாகத் தேர்ந்தது. இயந்திரத்தை வாங்குவதைவிட, கணக்கு ஒன்றை நிரைகளாகப் பிரித்தெழுதத் தெரிந்தவர்களை உருவாக்குவது கடினமானது என்பதை அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதைக் கொள்ளலாம். வேகா என்ற பெயரில் பிராசசர் வடிவமைப்புகளைச் சிடாக்கின் திருவனந்தபுர மையம் உருவாக்கியிருப்பதும், சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசர் 2018-இல் சில்லாக வடிக்கப்பட்டதும் இதோடு சேர்த்து நினைக்கத் தக்கவை. இவை கிராஃபிக்ஸ் அட்டைகளோடு போட்டியிடுபவை அல்ல, சிறு கருவிகளுக்கானவை.

கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் நிறுவனமாக மாறி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்குக் கணிப்பொறிகளைக் கொண்டுசேர்த்தது; கொழிஞ்சாம்பாறை, மறையூர், வண்டிப்பெரியாறு போன்ற எல்லை ஊர்களின் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறிப் பாடநூல் தமிழிலேயே உண்டு. லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களில் பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளில் முப்பரிமாண அசைவுப்படம் செய்யக் கற்பிக்கப்படுகிறது. பள்ளி மடிக்கணினிகளில் பொதுவாகத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதில்லை. பிராசசரின் சில்லுக்குள்ளேயே அடங்கிய சிறு கிராஃபிக்ஸ் பகுதி, பிராசசரின் நினைவகத்தையும் அதன் வெப்ப வரம்பையும் பங்குபோட்டுக்கொண்டு வேலை செய்கிறது. எனவே நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் பத்து நொடிப் படத்தின் 240 சட்டங்களை வரைந்து முடிக்க, சட்டம் ஒன்றுக்கு ஒரு நிமிடமே ஆனாலும் நான்கு மணி நேரம் தேவைப்படும். அங்கே பெரும்பாலும் படத்துக்காகக் கணக்கிடப்படும் ஒளிக்கதிர்களின் எண்ணிக்கையைக் குறைத்தும், படத்தின் அளவைச் சுருக்கியும், பள்ளி விட்ட பின் கணிப்பொறியை ஓடவிட்டுமே அந்த நான்கு மணி நேரத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.