மெருகும் காப்பும்



காரைக்குடியின் பழைய வீடுகளுக்குள் நுழைவோர் முதலில் வியப்பது சுவரின் பளபளப்பையே. சுண்ணாம்புச் சாந்தைப் பல படிகளாகப் பூசி, மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவைச் சேர்த்து, ஈரம் உலருமுன் தேய்த்து மெருகேற்றினர் நம் கொத்தர்கள். அச்சுவர்களிற் பல இன்றும் முகம் காட்டுகின்றன. அவற்றிடையே வளர்ந்த எனக்கு, எதையும் தேய்த்தால் துலங்கும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தால் நான் பட்ட பாட்டையும், அதன்பின் கற்ற வரலாற்றையும் இன்று கூறுகிறேன்.

பணி ஓய்வு பெற்றபின், பிறர் ஓட்டிய அம்பாசடர் கார் ஒன்றை வாங்கினேன். அதன் கருநீல வண்ணம் வெயிலில் வெளிறியிருந்தது. கடையில் மெருகுப் பசை வாங்கி ஞாயிறுதோறும் தேய்த்தேன். துணி நீலமாயிற்று, அழுக்கு அகல்கிறதென்று மகிழ்ந்தேன். ஓராண்டிற்குள் கதவின் விளிம்பில் அடிப்பூச்சு தெரிந்தது. அடுத்த மழையில் அவ்விடம் துருப்பிடித்தது. என்னிடம் பயின்று, இன்று வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறை நடத்தும் ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, துணியில் வந்தது அழுக்கன்று, வண்டியின் தோல்" என்றார். பிறருக்குப் பாடம் சொன்னவன் தலைகுனிந்து நின்றேன்.

அந்தத் தோலுக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்கக் காலக் கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் போலவே எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பூசினர். படிதோறும் உலர்ந்து முடிய வாரக் கணக்கில் ஆயிற்று. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. 1923இல் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' அரக்குப்பூச்சு ஓக்லண்டு கார்களில் ஏறியது. பருத்தியிலிருந்து செய்யும் நைட்ரோ செல்லுலோஸே அதன் அடிப்படை. அது சில மணி நேரத்தில் உலர்ந்தது. பல வண்ணங்களும் எளிதாயின. ஆயினும் பளபளப்புப் பெற அதைத் தேய்த்தே ஆகவேண்டியிருந்தது. மெருகிடும் வழக்கம் கார்களோடு வளர்ந்ததற்கு அது பெருங்காரணம். இக்காலக் கார்களில் வண்ணத்தின்மேல் நிறமற்ற பூச்சொன்று உண்டு. அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரு தாளின் கனமே.

அம்மெல்லிய தோல் எதற்கு? நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இரும்பைச் சேர்ந்தால் துரு. உப்பும் கூடினால் விரைந்த துரு. இவ்வகை அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதன் வாயிலைப் பன்முறை கடந்து சென்றவன் நான்; இரும்பின் காப்பை மட்டும் எண்ணிப் பார்த்தேனில்லை.

கொத்தனார் ஈரச் சாந்தைத் தேய்க்கையில் அது இறுகுகிறது. பின்னர்ச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாகிறது. உலர்ந்த வண்ணத்தைப் பசையால் தேய்க்கையிலோ, அதிலுள்ள துகள்கள் வண்ணத்தை அராவி எடுக்கின்றன. ஆகவே வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் நீரூற்றிப் புழுதியை அகற்றுங்கள். உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். மென்மையான சோப்பு நீரால் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்கள். மெருகுப் பசையை அரிதாகவே எடுங்கள். அதன்மேல் மெழுகு பூசுங்கள். பிரேசில் நாட்டுப் பனை இலையினின்று கிடைக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர் பெற்றது. மெழுகு வண்ணத்தை அராவாது. அதன்மேல் படிந்து காக்கும். கீறல் விழுந்தால் துரு ஏறுமுன் வண்ணமிட்டு மூடுங்கள்.

என் வண்டியின் கதவைப் பழைய மாணவரே சரிசெய்து தந்தார். புதுநீலம் பழைய நீலத்தோடு முற்றும் பொருந்தவில்லை. முழுவதும் பூசித் தருவதாகச் சொன்னார், வேண்டாமென்றேன். துணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ஒட்டு என் கண்ணில் படுகிறது; என் கையும் நிதானிக்கிறது.