ஹவ் டு நேம் இட்?

ஹவ் டு நேம் இட்? என்பது இளையராஜா இசையமைத்து 1986 ஆம் ஆண்டில் வெளியான கருவியிசைத் தொகுப்பு ஆகும். 'இதற்கு எவ்வாறு பெயரிடுவது?' என்பது தலைப்பின் பொருளாகும். கருநாடக இசையையும் மேற்கத்திய செவ்வியல் இசையையும் இணைக்கும் இத்தொகுப்பு, தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

பின்னணி

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும், பின்னர் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசையையும் கற்றார். 1976 இல் அன்னக்கிளி திரைப்படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். திரைப்பாடல்களே பெரிதும் விற்பனையான காலத்தில், பாடல் வரிகளோ திரைக்கதையோ இன்றி இத்தொகுப்பு வெளிவந்தது.

இசை அமைப்பு

பாக் (1685-1750) மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின்னரே தியாகராஜர் (1767-1847) திருவாரூரில் பிறந்தார். நேரில் சந்தித்திருக்க இயலாத இவ்விருவரின் மரபுகளையும் இத்தொகுப்பு உரையாட வைக்கிறது.

இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. கருநாடக இசை ஒற்றை மெட்டையே வளர்த்துச் செல்வது; இராகத்தின் உயிர் கமகங்களில் உள்ளது. பாக்கின் இசையிலோ பல மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. அவரது ஃபியூக் என்னும் வடிவத்தில் ஒரு குரல் தொடங்கும் மெட்டை மற்றக் குரல்கள் அடுத்தடுத்து ஏற்றுத் தொடர்கின்றன. இராகத்திற்கு அடியில் வேறு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்தால் அதன் இயல்பு கெடக்கூடும். கமகங்களை நீக்கினால் இராகமே மறைந்துவிடும்.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' இதற்கு ஒரு விடையைத் தருகிறது. பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை இதற்கு அடித்தளமாக அமைய, இந்திய முறையிலான வயலின் அதனுடன் இணைந்து ஒலிக்கிறது. பிரித்தானிய ராக் குழுவான ஜெத்ரோ டல், 1969 இல் பாக்கின் 'பூரே' என்னும் இசைத்துண்டைத் தன் பாணிக்கு மாற்றி வாசித்தது. இளையராஜாவோ இரு மரபுகளையும் அவற்றின் தனித்தன்மையுடன் அருகருகே வைத்தார்.

இசைக்கலைஞர்கள்

முதன்மை வயலினை வி. எஸ். நரசிம்மன் வாசித்தார். கருநாடகக் கீர்த்தனைகளை நரம்பிசைக் கருவிகளுக்கு ஏற்ப அமைத்து வாசிக்கும் மெட்ராஸ் இசுட்ரிங் குவார்டெட் என்னும் குழுவைப் பின்னர் இவர் நிறுவினார்.

இசைத்துண்டுகள்

1. ஹவ் டு நேம் இட்?
2. மேட் மோட் மூட் ஃபியூக்
3. யூ கேனாட் பீ ஃப்ரீ
4. ஸ்டடி ஃபார் வயலின்
5. இட் இஸ் ஃபிக்ஸ்ட்
6. சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா
7. ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்
8. அண்ட் வீ ஹேட் எ டாக்
9. டோன்ட் கம்பேர்
10. டூ எனிதிங்

இவ்வரிசை தலைப்பிலுள்ள கேள்வியில் தொடங்குகிறது. 'டோன்ட் கம்பேர்' என்பதற்கு 'ஒப்பிடாதே' என்று பொருள்.

தாக்கம்

பாடல்களே இல்லாத பாலு மகேந்திராவின் வீடு (1988) திரைப்படத்தில் இத்தொகுப்பின் இசை பின்னணி இசையாகப் பயன்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலிசையுடன் நத்திங் பட் விண்ட் என்னும் தொகுப்பை இளையராஜா வெளியிட்டார். 2005 இல் திருவாசகத்தைச் சேர்ந்திசை வடிவில் அமைத்தார். 2025 மார்ச் 8 அன்று அவரது வேலியண்ட் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது.