ஆசிரியர் மாணவராகும் கோடை

கோடை விடுமுறை என்றவுடன் மாந்தோப்பும் ஆற்றங்கரையும் பாட்டனார் ஊரும் உங்கள் நினைவுக்கு வரும். பள்ளியின் கதவு அடைபட்டிருக்கும் அந்நாட்களில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பார்த்த மாணவர் சிலரே ஆவர். உலகின் பல நாடுகளில், கடந்த எழுபது ஆண்டுகளாக, ஆசிரியர்களுள் ஒரு சாரார் கோடையில் வேறோர் ஊருக்குச் சென்று, பலகையில் அமர்ந்து, குறிப்பேட்டைத் திறந்து பாடம் கேட்டு வருகின்றனர். கணிப்பொறியும் ரோபோவும் பள்ளிக்குள் புகுந்த வரலாறு இக்கோடைப் பள்ளிகளின் வரலாற்றோடு பிணைந்தது. அதனையே இன்று சுருக்கமாகக் காண்போம்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், இலக்கணத்தைச் சொல்லத் தொடங்குமுன் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைத்தார். ஆசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறினார். நல்ல மாணாக்கருக்கு அன்னத்தையும் ஆவையும் உவமை கூறினார். இரண்டும் தனித்தனி இலக்கணங்கள். ஆயின் அறிவியல் விரைந்து வளரும் காலத்தில் இவ்விரு இலக்கணமும் ஒருவரிடமே அமைய வேண்டிய நிலை பிறந்தது. கற்பிப்பவரே மீண்டும் கற்கவேண்டியவர் ஆனார்.

அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் தோன்றியது. அது 1953-ஆம் ஆண்டுக் கோடையில் கல்லூரி ஆசிரியர்களுக்கும், அடுத்த ஆண்டில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி நிலையங்களை நடத்தத் தலைப்பட்டது. காரணம் வெளிப்படையானது. அன்று பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர் பலர் இரண்டாம் உலகப் போருக்கு முன் பட்டம் பெற்றவர்கள். அவர்கள் கற்ற பாடத்தில் அணு உலை இல்லை, திரான்சிஸ்டர் இல்லை, மின்னணுக் கணிப்பொறியும் இல்லை. இவையனைத்தும் அவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறியபின் தோன்றியவை. பழைய நூலையே ஓதிக்கொண்டிருந்தால் மாணவர் எங்ஙனம் புதிய உலகை அறிவர்?

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை வானில் செலுத்தியது. அதன் ஒலி வானொலிப் பெட்டிகளில் கேட்டபோது, தம் நாட்டுப் பள்ளிகளில் என்ன குறை என்று அமெரிக்கர் வினவினர். மறு ஆண்டில் கல்விக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. கோடைப் பயிற்சி நிலையங்கள் நூற்றுக்கணக்காகப் பெருகின. வந்து கற்ற ஆசிரியருக்கு உதவித்தொகை உண்டு; அவரை நம்பியிருந்த குடும்பத்தாருக்கெனத் தனித்தொகையும் உண்டு. விடுமுறையில் வேறு வேலை தேடி வயிறு கழுவவேண்டிய ஆசிரியர், அக்கவலையின்றிப் படிக்க இது வழி செய்தது. இச்செய்தி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கல்வி வரலாற்றில் பல நல்ல திட்டங்கள் இத்தகைய சிறு தொகை இல்லாமையால் மடிந்துள்ளன.

அக்காலத்தில் கணிப்பொறி பள்ளிக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. அது ஓர் அறையை நிறைத்து நின்றது. துளையிட்ட அட்டைகளின் வாயிலாகவே அதனோடு பேச முடிந்தது. 1964-ஆம் ஆண்டு மே முதல் நாள் விடியற்காலையில் இந்நிலை மாறத் தொடங்கியது. டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவர் உருவாக்கிய பேசிக் என்ற எளிய மொழி அன்று முதன்முதலாக இயங்கிற்று. பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையும் அத்துடன் வந்தது. தொலைபேசிக் கம்பியின் வழியே தொலைவிலுள்ள பள்ளியும் அதனோடு தொடர்பு கொள்ளலாயிற்று. பொறியியல் கல்லாத ஆசிரியரும் சில நாட்களில் அம்மொழியைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 1967-இல், லோகோ என்னும் மற்றொரு மொழி பிறந்தது. ஃபோயர்சைக், பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் அதனை ஆக்கியவர்கள். அம்மொழிக்கு ஓர் ஆமை வாய்த்தது. பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் அறிஞர் 1940-களின் இறுதியில் ஒளியை நாடி ஊரும் இயந்திர ஆமைகளைச் செய்திருந்தார். பெயர் அங்கிருந்து வந்தது. லோகோ ஆமை சக்கரங்களின்மீது ஊரும் சிறு ரோபோ. விரித்த தாளின்மேல் அது செல்லும்போது, உடலில் பொருத்திய எழுதுகோல் கோடு இழுத்துக்கொண்டே போகும். “முன்னே 100” என்று கட்டளையிட்டால் நேரே செல்லும். “வலம் 90” என்றால் நின்ற இடத்திலேயே செங்கோணம் திரும்பும்.

இனி ஒரு சிறு சோதனை. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒன்றை ஆமை வரைய வேண்டும். கணிதம் நன்கு கற்ற ஆசிரியர் ஒருவர், அம்முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பதை நினைந்து, “முன்னே 100, வலம் 60” என்று மூன்று முறை கட்டளை தருகிறார் என்று கொள்வோம். கோடுகள் கூடுவதில்லை, ஆறு பக்க உருவத்தின் பாதியாக நின்றுவிடுகின்றன. ஆசிரியர் கற்றது பொய்யா? அன்று. 60 பாகை என்பது முக்கோணத்தின் உள்ளே அமைந்த கோணம். ஆமையோ தான் சென்ற திசையிலிருந்து திரும்புகிறது; ஆகவே அது 120 பாகை திரும்ப வேண்டும். மூன்று முறை திரும்பி முடித்தால் 360 பாகை, அதாவது ஒரு முழுச் சுற்று. ஐயம் உள்ளவர் ஒரு காகிதத்தைக் கொண்டோ, முற்றத்தில் தாமே நடந்தோ இதனைச் சோதித்துக் கொள்ளலாம்.

இச்சிறு பிழையில் ஒரு பெரிய உண்மை உள்ளது. கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர் பிழை செய்யக்கூடாது என்பது நம் வழக்கம். பிழை நேர்ந்தால் அவர் நாணுவார், மாணவர் நகைப்பர். கணிப்பொறியிடம் அவ்வழக்கம் செல்லாது. முதல் முறையிலேயே திருத்தமாக எழுதப்படும் கட்டளைத் தொடர் மிகச் சிலவே. பிழையைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடி, திருத்தி, மீண்டும் இயக்கிப் பார்ப்பதே இத்துறையில் கல்வி. அதனைத் தாம் நுகர்ந்தறியாத ஆசிரியர் பிறருக்கு எப்படிக் கற்பிப்பார்? கோடைப் பயிற்சி அவருக்குத் தருவது செய்தி மட்டும் அன்று. தவறு செய்வதற்கு அஞ்சாத சில வாரங்களையும் அது தருகிறது.

வரலாறு என்றும் நேர்வழியே செல்வதில்லை. 1970-களின் இறுதியில் மலிவான சிறு கணிப்பொறிகள் பள்ளிகளை நாடி வந்தன. 1983-இல் ஆப்பிள் நிறுவனம் கலிபோர்னியாவின் ஏறத்தாழ 9,000 பள்ளிகளுக்குக் கணிப்பொறி ஒவ்வொன்று வழங்கிற்று. 1984-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருக்குக் கணிப்பொறி அறிவியலில் கல்லூரித் தரத் தேர்வும் தொடங்கியது. ஆனால் அதே வேளையில், 1980-களின் தொடக்கத்தில், தேசிய அறிவியல் நிறுவனத்தின் கல்விப் பணிக்கான நிதி பெரிதும் வெட்டப்பட்டிருந்தது. கருவி வந்த காலத்தில் பயிற்சி மெலிந்தது. உழவுக்கு மழை வந்தபோது விதைநெல் இல்லாத கதைதான் இது. பின்னர் அந்நிதியை மீண்டும் வளர்க்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டின் கதையும் இதற்கு இணையாகவே செல்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்கான அறிவியல் கோடைப் பயிற்சி நிலையங்கள் இந்தியாவில் 1963-இல் தொடங்கின. அதே ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐபிஎம் 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் இராஜாராமன் முதலியோர், பிற நிறுவனங்களிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே குறுகிய காலப் பயிற்சி அளித்தனர். எனினும் அது உயர்கல்வியின் எல்லைக்குள் நின்றது. பள்ளியின் படியேறக் கணிப்பொறிக்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

1984-85-ஆம் ஆண்டில் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ என்னும் ஆங்கில நாட்டுக் கணிப்பொறிகளை வழங்கியது. ஆசிரியருக்குப் பயிற்சி தர வள மையங்களும் அமைந்தன. நோக்கம் நன்று, ஆயினும் பயன் எதிர்பார்த்த அளவு விளையவில்லை. சில வாரப் பயிற்சியைப் பெற்றுத் திரும்பிய ஆசிரியர் தனித்து நின்றார். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் ஆள் இல்லை. ஒரு முறை கற்றுத் திரும்பினால் போதும் என்ற எண்ணம் பிழையானது என்பதை அத்திட்டம் நமக்கு உணர்த்தியது.

இப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டது நம் அண்டை மாநிலமாகிய கேரளம் எனலாம். அங்கே 2001-இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், பின்னர் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. பயிற்றுவிப்போரைப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்தே தெரிந்தெடுத்தமை அதன் சிறப்பு. ஆசிரியருக்கு ஆசிரியரே ஆசான்; விடுமுறை முடிந்தபின்னும் அவர் அழைத்தால் வரக்கூடிய தொலைவில் இருப்பவர். 2025-26-ஆம் கல்வியாண்டில் அம்மாநிலம் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோ இயலைப் பாடமாக்கியது. பள்ளி திறக்குமுன்னரே ஏறத்தாழ பத்தாயிரம் ஆசிரியர் அப்புதிய பாடநூலில் பயிற்சி பெற்றிருந்தனர். கையை நீட்டினால் தானே கிருமிநாசினி சொரியும் கருவியொன்றை மாணவர் செய்யவேண்டும். அதன் கம்பிகளை முதலில் இணைத்துப் பார்த்தவர்கள் ஆசிரியர்களே.

மாணவ நண்பர்களே, கருவியை விலைகொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதனைக் கற்பிக்க வல்ல ஒருவரை ஒரே நாளில் ஆக்க இயலாது. ஆசிரியருக்கு அவ்வாய்ப்பைத் தராத இடங்களில் இயந்திரம் பூட்டிய அறையில் தூசி படிந்து கிடந்தது என்பதற்குப் பல நாடுகளின் அனுபவம் சான்று. விடுமுறை முடிந்து நீங்கள் வகுப்புக்குத் திரும்பும்போது, உங்கள் ஆசிரியர் ஒரு கம்பியைத் தவறான துளையில் செருகிவிட்டு, ஏன் விளக்கு எரியவில்லை என்று சிந்தித்து நிற்கக் காணலாம். அப்போது நகையாதீர்கள். அவர் அருகில் சென்று நின்று, அவர் எப்படித் தேடுகிறார் என்று பாருங்கள். அந்தத் தேடலைக் கற்றுவரவே அவர் தம் கோடையைக் கொடுத்தார்.