லேண்ட்ஸ்கேப்

பிரிண்டரில் தாளை அகலவாக்கில் திருப்ப ஒரு சொல்லை அழுத்துகிறோமே, அந்த ‘லேண்ட்ஸ்கேப்’ ஓவியர்களின் பட்டறையிலிருந்து வந்தது. மூலம் டச்சு மொழியின் ‘லாண்ட்ஸ்காப்’. ‘லாண்ட்’ என்றால் நிலம். ‘ஸ்காப்’ என்பது தன்மையையோ நிலையையோ குறிக்கும் விகுதி, ‘ஃப்ரெண்ட்ஷிப்’பில் வரும் ‘ஷிப்’புக்கு உடன்பிறப்பு. முதலில் அதற்கு வட்டாரம், நிலப்பகுதி என்றுதான் பொருள். பிறகு அதைத் தீட்டிய படத்துக்கும் அதுவே பெயரானது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் இதைக் கடன் வாங்கியபோது படம் என்ற பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டது. கண்ணெதிரே விரியும் நிலத்துக்கு அந்தப் பெயர் பின்னால்தான் ஒட்டியது. ஆக, ஆங்கிலேயரிடம் படம் முந்தி, நிலம் பிந்தி! ‘ஸ்கேப்’ தனியே கழன்று ‘ஸீஸ்கேப்’, ‘சிட்டிஸ்கேப்’ என்று குட்டி போட்டதும் அங்கேதான்.

தமிழில் ‘நிலக்காட்சி’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் பார்ப்பவர் எட்ட நிற்பதுபோல் ஒலிக்கிறது. ஜெர்மானிய ஓவியர் ஆன்செல்ம் கீஃபர் வைக்கோலையும் சாம்பலையும் ஈயத்தையும் சேர்த்து வயல்வெளியை உருவாக்கும்போது அது வெறும் காட்சியா? அங்கே நிலமே படத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சங்கக் கவிதையின் ‘திணை’ என்ற சொல் இன்னும் நெருங்கி வரும். அதில் நிலமும் பொழுதும் மனநிலையும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஏ.கே.ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த நூலுக்கு ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்றே பெயர் வைத்தார்.