ஐரோப்பாவின் கம்பெனிச் சட்டமும் நம் ஊர்க் கம்பெனிகளும்

2017 செப்டம்பரில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் இயக்குநர் பதவிக்குத் தகுதி இழந்தவர்களின் பட்டியல்களை வெளியிட்டது. நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். கம்பெனிச் சட்டத்தைப் பொறுத்தவரை நம் சேலமும் நாமக்கல்லும் கோயம்புத்தூர்ப் பதிவாளரின் எல்லைக்குள் வருபவை. நம் பக்கத்துக் குடும்பக் கம்பெனி எப்படித் தோன்றி எப்படி ஓய்கிறது என்று அறிந்தவர்கள், பட்டியலில் இடம்பெற்ற எல்லோரையும் மோசடிக்காரர்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

திருச்செங்கோட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்றை எடுப்பார்கள். வங்கிக் கடனுக்கோ வெளிமாநில டெண்டருக்கோ ‘பிரைவேட் லிமிடெட்’ தேவைப்படும். மனைவிமார் பெயரையும் மச்சான் பெயரையும் இயக்குநர்களாகச் சேர்த்துப் பதிவு செய்வார்கள். வண்டி ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஓடும். சில வருடங்களில் பாகம் பிரியும்; வண்டி கைமாறும்; கம்பெனி மட்டும் பதிவேட்டில் உயிரோடு இருக்கும். ஐந்தொகையும் ஆண்டறிக்கையும் தாக்கலாகாது. ஜவ்வரிசி ஆலையிலும் லாரி பாடி கட்டும் பட்டறையிலும் இதே கதைதான். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் அதன் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்கு அதே கம்பெனியில் மறுபடியும், வேறு கம்பெனியில் புதிதாகவும் நியமனம் பெற முடியாது என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 164(2)ஆம் பிரிவு. பழைய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த விதி பப்ளிக் கம்பெனிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. புதிய சட்டம் அதைப் பிரைவேட் கம்பெனிகளுக்கும் நீட்டியது. இந்தப் பிரிவு 2014 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. அடுப்படியில் இருந்தபடி கையெழுத்திட்ட எத்தனை பெண்களுக்கு இந்த மாற்றம் தெரிந்திருக்கும்?

ஒரு விதி சட்டப் புத்தகத்தில் ஏறும் நாளுக்கும், அது கட்டுப்படுத்த வேண்டியவர் வாசலை அடையும் நாளுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடப்பது எப்படி என்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருவது ஐரோப்பா. அந்த அனுபவம் நமக்குப் பெரிதும் பயன்படும் என்று நான் நினைக்கிறேன்.

1968 மார்ச் 9 அன்று, ஆறு நாடுகள் மட்டுமே உறுப்பினராக இருந்த ஐரோப்பியச் சமூகம், கம்பெனிச் சட்டத்துக்கான தன் முதல் டைரக்டிவை, அதாவது நெறியாணையை, பிறப்பித்தது. அடைய வேண்டிய முடிவு எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். அதை எந்த வடிவத்தில், எந்த வழியில் அடைவது என்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. கெடு ஒன்று உண்டு. கெடுவுக்குள் தன் சட்டத்தை மாற்றாத நாட்டை ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். ஜெர்மானியர் தம் வழக்கப்படி எழுதுவர், பிரெஞ்சுக்காரர் தம் வழக்கப்படி எழுதுவர். ஆனால் இரு நாட்டுக் கம்பெனியோடும் வியாபாரம் செய்யும் வெளியாளுக்கு ஒரே பாதுகாப்புக் கிடைக்க வேண்டும்.

நாம் வந்த வழி வேறு. 1913ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிச் சட்டம் 1908ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட் அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். சட்டத்தோடு லண்டன் தீர்ப்புகளும் வந்தன. கம்பெனி தன் நோக்கப் பட்டியலைத் தாண்டிச் செய்தது அடியோடு செல்லாது என்ற 1875ஆம் ஆண்டுக் கோட்பாடு அவற்றில் ஒன்று. சென்னை யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்த 2 லட்சம் ரூபாயை, டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது இந்தக் கோட்பாட்டின்படியே. அது 1963ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் பதிவான தீர்ப்பு. ஐந்தே ஆண்டுகளில், கம்பெனியோடு நல்லெண்ணத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்த வெளியாளை இக்கோட்பாடு பாதிக்கக் கூடாது என்று ஐரோப்பிய நெறியாணை திசையை மாற்றியது. 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிரிட்டன், அதற்காகவே தன் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் தான் பெற்றெடுத்த கோட்பாட்டைத் தானே தளர்த்தியது.

ஐரோப்பாவிலும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. கம்பெனிக் கணக்குகளைப் பொதுவில் வெளியிடச் சொல்லும் நான்காவது நெறியாணை 1978இல் வந்தது. ஜெர்மனி அதைத் தன் சட்டத்தில் சேர்த்தது 1985 டிசம்பரில். சேர்த்த பிறகும் அங்குள்ள சிறு, நடுத்தரக் குடும்பக் கம்பெனிகளில் மிகப் பல கணக்கை வெளியிடவில்லை. லாபம் எவ்வளவு என்று போட்டிக்காரனுக்குத் தெரியும், சரக்கு வாங்குபவன் விலையைக் குறைக்கச் சொல்வான், தொழிலாளி சம்பளத்தைக் கூட்டச் சொல்வான் என்ற அச்சம்தான் காரணம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருப்பவருக்கு இந்த அச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது: பங்குதாரரோ கடன் கொடுத்தவரோ தொழிலாளர் குழுவோ கேட்டால்தான் தண்டனை. டைஹாட்சு கார் விற்பனையாளர்களின் சங்கம், டைஹாட்சுவின் ஜெர்மன் கம்பெனி கணக்கை வெளியிடவில்லை என்று வழக்குப் போட்டது. கேட்கும் உரிமை குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் உரியதல்ல, அக்கறையுள்ள எவருக்கும் உண்டு என்று 1997 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் நிலைமை உண்மையில் மாறியது 2007இல்தான். அந்த ஆண்டு முதல் மின்னணுப் பதிவு வந்தது. தவறும் கம்பெனிக்கு பான் நகரிலுள்ள கூட்டரசு நீதி அலுவலகம் தானாகவே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. முதலில் கடிதம், ஆறு வார அவகாசம், பிறகுதான் அபராதம். கணக்குத் தாக்கலைப் பழக்கமாக்கியதில் அந்தக் கடிதத்துக்கும் அவகாசத்துக்கும் பங்குண்டு.

நான்காவது நெறியாணையில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி சிறு கம்பெனிகளைப் பற்றியது. சொத்து மொத்தம், விற்றுமுதல், ஆட்களின் எண்ணிக்கை என மூன்று அளவுகோல்கள். இவற்றில் இரண்டில் வரம்புக்குள் இருந்தால் போதும், அது சிறு கம்பெனி, சலுகை கொடுக்கலாம். நம் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் சிறு கம்பெனி என்ற வகையைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு இரண்டு இயக்குநர் கூட்டம் போதும், பணப்புழக்க அறிக்கை வேண்டாம் என்றது. ஆனால் 50 லட்சம் ரூபாய் மூலதனம், 2 கோடி ரூபாய் விற்றுமுதல் என்ற இரண்டு வரம்புக்குள்ளும் கம்பெனி இருந்தே ஆக வேண்டும் என்று 2015இல் ஆணை வந்தது.

நாமக்கல்லில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20,000 முட்டைக்கோழிகள் உள்ள பண்ணை இங்கே பெரிய பண்ணை அல்ல. நூற்றுக்கு எண்பது முட்டை விழுந்தால் நாளுக்கு 16,000 முட்டை. விலை 4 ரூபாய் என்றால் 64,000 ரூபாய். வருடத்துக்கு 2 கோடியே 33 லட்சம். இதில் பெரும்பகுதி மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் போய்விடும். வேலைக்கு ஒரு சில குடும்பங்கள். இதைக் கம்பெனியாக நடத்தியிருந்தால், லாபம் கையில் நிற்காத அந்தப் பண்ணை நம் சட்டத்தின் அன்றைய வரம்பில் சிறு கம்பெனி ஆகியிருக்காது. ஐரோப்பிய அளவுகோலில், விற்றுமுதல் வரம்பைத் தாண்டியிருந்தாலும், சொத்தும் ஆட்களும் குறைவு என்பதால் தப்பியிருக்கும். நம் வரம்பு 2021 ஏப்ரலில் 2 கோடி, 20 கோடி என்றும், 2022 செப்டம்பரில் 4 கோடி, 40 கோடி என்றும் உயர்ந்தது. நல்ல மாற்றம், ஆனால் எட்டாண்டு தாமதம். விற்றுமுதல் அதிகமாகவும் லாபம் மெலிந்தும் இருக்கும் தொழில்கள் சட்டம் வரைந்தவர்களின் கணக்கில் வரவே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். முட்டை, தீவனம், ஜவ்வரிசி என நம் பக்கத்துத் தொழில்களில் பல அப்படிப்பட்டவை.

2017 பட்டியலுக்கு எதிரான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. 2018 ஆகஸ்டில் தனி நீதிபதி, சட்டம் அமலுக்கு வருமுன் கழிந்த நிதியாண்டையும் சேர்த்து எண்ணியது தவறு, விளக்கம் கேட்காமல் தகுதியைப் பறித்ததும் தவறு என்று பகவான்தாஸ் தனஞ்சயதாஸ் வழக்கில் தீர்ப்பளித்தார். 2020 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வு, இயக்குநர்களின் அடையாள எண்ணை முடக்கப் பதிவாளருக்கு இந்தப் பிரிவின்படி அதிகாரமே இல்லை என்றது. ஜெர்மனியில் அரசு அலுவலகம் ஒரு கடிதத்தில் முடித்த வேலைக்கு இங்கே மூன்று ஆண்டுகளும் உயர் நீதிமன்றமும் வேண்டியிருந்தன.

விதி வாசலை அடைவதில் மொழிக்கும் பங்குண்டு. நெறியாணை ஒவ்வொன்றும் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா ஆட்சிமொழிகளிலும் வெளியாகிறது. மால்டாக்காரர் மால்டா மொழியில் படிக்கலாம், அந்தப் பாடமும் சட்டமே. மத்தியச் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் அதிகாரபூர்வப் பாடம் வெளியிட வழிசெய்யும் சட்டம் நம்மிடமும் 1973 முதல் உண்டு. இயக்குநர்கள் மீது புதிய கடமை எதைச் சுமத்தினாலும், அது தொடங்கும் தேதிக்கு முன்பே தமிழ்ப் பாடம் வர வேண்டும். முதல் தவறுக்குக் கடிதமும் அவகாசமும் வேண்டும். சிறு கம்பெனிக்கு ஆட்களின் எண்ணிக்கையும் ஓர் அளவுகோலாக வேண்டும். மசோதாவுக்கு முன் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 2014 முதல் மத்திய அரசின் கொள்கை. அடுத்த திருத்த வரைவு வரும்போது பண்ணையாளர்களும், ரிக் உரிமையாளர்களும், ஆலைக்காரர்களும், நம் ஆடிட்டர்களும் அந்த 30 நாளுக்குள் இந்த மூன்றையும் எழுதி அனுப்ப வேண்டும், தத்தம் தொழிலின் விற்றுமுதல் கணக்கோடு.